பினைல் மணக்கும் நகரம்

கொழும்பில் ஒரு வீட்டுக்குள் காலடி வைத்ததுமே அது கழுவின வீடா இல்லையா என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். கண்ணால் இல்லை, மூக்கால். பினைலோ டெட்டோலோ, எலுமிச்சை வாசம் போட்ட ஏதோ ஒரு திரவமோ மணந்தால் வீடு சுத்தம். மணம் எவ்வளவு காரமோ அவ்வளவு சுத்தம். இந்தக் கணக்கு எங்கட பாட்டிமார் காலத்துக் கணக்கு இல்லை. அவர்கள் பாத்திரத்துக்குச் சாம்பலும் தும்பும், பித்தளைக்குப் பழப்புளியும் வைத்துத்தான் காலத்தை ஓட்டினார்கள். அது பொற்காலம் என்று சொல்ல வரவில்லை; வாந்திபேதி ஊர் ஊராக வாரிக்கொண்டு போனதும் அந்தக் காலத்தில்தான்.

மணத்தை நம்பும் பழக்கம் நோய்ப் பயத்தோடு வந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைக்கும் ஐரோப்பிய வைத்தியர்கள் பலர் கெட்ட காற்றால்தான் நோய் வருகிறது என்று நம்பினார்கள். நாற்றம் நோய் என்றால், அந்த நாற்றத்தை அடக்கும் இன்னொரு மணம் மருந்துதானே? நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த காபோலிக் அமிலம் அந்த இடத்துக்கு வந்தது. 1877இல் இங்கிலாந்தில் ஜோன் ஜேய்ஸ் தன்னுடைய கிருமிநாசினித் திரவத்துக்குக் காப்புரிமை எடுத்தார். தண்ணீரில் விட்டதும் பால் மாதிரி வெளுக்கும் எங்கட பினைலும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

அடுத்து பிளேக். 1894இல் ஹொங்கொங், 1896இல் பம்பாய், 1914 ஜனவரியில் கொழும்பு. பம்பாயில் அதிகாரிகள் வீடுகளுக்குள் புகுந்து சுவரிலும் நிலத்திலும் காபோலிக் அமிலத்தை வாரி ஊற்றினார்கள். அது போதாதென்று பாதரசக் குளோரைட்டுக் கரைசலையும் அடித்தார்கள். பாதரசம்! குழந்தைகள் தவழும் நிலத்தில்! நோயோ தெள்ளுப்பூச்சியில் ஏறி எலிக்கு எலி போய்க்கொண்டிருந்தது. இதை 1898இலேயே போல்-லூயி சிமோன் என்ற பிரெஞ்சு வைத்தியர் சொல்லிவிட்டார். பல வருடம் ஒருவரும் காதில் போடவில்லை.

கொழும்பில் இந்தப் புதிரின் மிச்சத்தை அவிழ்த்தவர் மாநகர சபையின் நுண்ணுயிரியலாளர் எல். எஃப். ஹேர்ஸ்ட். இந்த மனிதரைப் பற்றி எங்கட பாடப் புத்தகங்களில் ஒரு வரி இருந்திருக்கலாம். இங்குள்ள எலிகளில் இரண்டு வகைத் தெள்ளு இருப்பதை அவர் பிரித்துப் பார்த்தார். ஒன்று பிளேக்கை நன்றாகக் கடத்தும், மற்றது அவ்வளவாகக் கடத்தாது. முதல் வகை தானியத்தோடு வெளியிலிருந்து வந்து இறங்கியது. அப்படியென்றால் கவனிக்க வேண்டியது அரிசி அடுக்கிய களஞ்சியங்களையும் எலிகளையும்தான். வீட்டு நிலம் எவ்வளவு காரமாக மணக்கிறது என்பதற்கும் நோய்க்கும் பெரிய சம்பந்தம் இல்லை.

ஆனால் மணம் போகவில்லை. வாளியைத் தூக்கினது யார் என்றும் கேட்க வேண்டும். கொழும்பின் கக்கூசுகளையும் கான்களையும் கழுவத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட நகரசுத்தித் தொழிலாளரின் கைகள்தான் அந்தத் திரவங்களைக் கலந்தன. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது இந்தியவழித் தமிழர் பெரும்பாலானோரோடு சேர்ந்து அவர்களும் நாடற்றவர்களானார்கள். நகரத்தைக் கழுவலாம், நகரத்துக்குச் சொந்தமாக இருக்க முடியாது.

இதற்கிடையில் கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்தில், கிராண்ட்பாஸில், சவர்க்காரம் வந்துவிட்டது. லீவர் பிரதர்ஸ் கம்பனி இலங்கையில் 1938இல் தொடங்கப்பட்டது. எண்ணெயும் காரமும் சேர்ந்தால் சவர்க்காரம். எளிமையான பொருள், பெரிய மணமும் இல்லை. அழுக்கைக் கழுவும் வேலையில் அதைத் தாண்ட வீட்டில் அநேகமாக ஒன்றும் தேவையில்லை என்பது என் கட்சி.

2020இல் பழைய படம் திரும்ப ஓடியது. ஒக்டோபரில் கொட்டாஞ்சேனையிலும் முகத்துவாரத்திலும் ஊரடங்கு. வெளியில் போக முடியாத சனம் கதவுப்பிடி முதல் கறிவேப்பிலை வரை எல்லாவற்றையும் கழுவியது. அமெரிக்காவில் அந்த வருடத்தின் முதல் மூன்று மாதங்களில் துப்புரவுப் பொருட்களால் பாதிக்கப்பட்டு நச்சுத் தகவல் நிலையங்களுக்கு வந்த அழைப்புகள், முந்தைய வருடத்தைவிடச் சுமார் 20 வீதம் கூடின. பரப்புகளைத் தொட்டுக் கொரோனா தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு என்று அதே நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் சொன்னது. காற்றில் வந்ததை நாங்கள் நிலத்தில் தேடிக்கொண்டிருந்தோம்.

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளின் குளியலறைகளை நினைத்துப் பாருங்கள். யன்னல் இல்லை, ஒரு காற்றுக்குழாய் மட்டும். கொமட் கழுவும் திரவத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலம். வெளுக்கும் திரவத்திலும் டிசிஎல் பவுடரிலும் ஹைப்போகுளோரைட்டு. "இரண்டையும் போட்டால் இன்னும் பளிச்சென்று வரும்" என்று யாராவது சொல்வார்கள். வருவது குளோரின் வாயு, 1915 ஏப்ரலில் ஈப்ர போர்முனையில் படைவீரர் மேல் திறந்துவிட்ட அதே வாயு. அமோனியா உள்ள கண்ணாடி துடைக்கும் திரவத்தோடு வெளுக்கும் திரவம் சேர்ந்தாலும் நுரையீரலை எரிக்கும் வாயுதான். தவறிக் கலந்துவிட்டால் மூடித் துடைக்க நிற்க வேண்டாம், கதவைத் திறந்துவிட்டு வெளியே போய்விடுங்கள்.

உடனே தெரியாத கேடும் இருக்கிறது. நோர்வேயின் பேர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்களை 20 வருடம் தொடர்ந்து கவனித்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். வீட்டிலோ வேலையிலோ துப்புரவு செய்த பெண்களின் நுரையீரல் வலு மற்றப் பெண்களைவிட வேகமாகக் குறைந்திருந்தது. ஆண்களில் அப்படித் தெரியவில்லை. எங்கட வீடுகளில் துடைப்பம் யாருடைய கையில் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கழுவின தண்ணீர் எங்கே போகிறது? 1900களின் தொடக்கத்தில் போட ஆரம்பித்த கழிவுக் குழாய்கள் வடக்கே முகத்துவாரத்திலும் தெற்கே வெள்ளவத்தையிலும் கடலில் முடிகின்றன. பல பத்தாண்டுகளாகப் பெரிய சுத்திகரிப்பு எதுவும் இல்லாமலே.

ஆகவே கடைக்குப் போகும்போது: நிலத்துக்கும் பாத்திரத்துக்கும் சாதாரண சவர்க்காரம், கறைக்கு வினாகிரி அல்லது தேசிக்காய், எண்ணெய்ப் பிசுக்குக்கு அப்பச்சோடா. வினாகிரியும் தேசிக்காயும்கூட அமிலம்தான், வெளுக்கும் திரவத்தோடு சேரக்கூடாது. அது தேவைப்படும் நாளும் வரும், வீட்டில் வயிற்றோட்டம் என்றால், வெள்ளம் வடிந்தால். அப்போது தனியாக, தண்ணீரில் கலந்து, யன்னலைத் திறந்து வைத்து. சோடாப் போத்தலில் லேபல் இல்லாமல் விற்கும் மலிவுப் பினைலை மட்டும் வாங்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று விற்பவருக்கே தெரியாது, வீட்டில் சின்னப் பிள்ளைக்கு அது சோடாதான். பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தேசிய நச்சுத் தகவல் நிலையம் இருக்கிறது. டொக்டர் முதலில் கேட்கப் போவது பிள்ளை எதைக் குடித்தது என்றுதான்.