சலவைப் பொறியும் ஆடையின் ஆயுளும்

மனித வாழ்வுக்கு இன்றியமையாதன உணவு, உடை, உறையுள் மூன்றும் என்பர். உணவைப் பயிரிட்டோரின் வரலாறு உண்டு. மாளிகை எழுப்பிய மன்னரின் வரலாறும் உண்டு. ஆயின், உடுத்த துணியைத் துவைத்தெடுத்த கைகளின் வரலாற்றை எழுத முன்வந்தோர் மிகச் சிலரே. அக்கைகளின் சுமையைக் குறைக்கவென எழுந்த சலவைப் பொறியின் கதையோ இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டது. அதனை ஊன்றி நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். துணியிலிருந்து அழுக்கை நீக்குவதைக் காட்டிலும், நனைந்த துணியிலிருந்து நீரை நீக்குவதே பொறியமைத்தோரை நெடுங்காலம் வருத்திய சிக்கலாகும். நீடித்துழைக்கும் பொறி எது, எத்துணியை எவ்வளவு வேகத்திற் சுழற்றலாம் என்று இன்று எழும் வினாக்கள் இரண்டும் அச்சிக்கலின் வழிவந்தனவே.

பழைய ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் திங்கட்கிழமை பல இல்லங்களிற் சலவை நாளாக இருந்தது. விடியுமுன் நீர் சுமந்து, விறகெரித்துக் கொதிக்கவைத்து, சவர்க்காரமிட்டுத் தேய்த்து, அலசி, முறுக்கிப் பிழிந்து, கொடியில் இடும்போது பொழுது சாய்ந்துவிடும். நனைந்த கட்டில் விரிப்பொன்றைப் பிழிவதற்கு இருவர் எதிரெதிரே நின்று முறுக்கவேண்டியிருந்தது. இத்துன்பத்தைக் கண்ட ஜேர்மன் அறிஞர் யாக்கோப் கிறிஸ்டியான் ஷேஃபர் 1760களிற் சலவைப் பொறியொன்றின் அமைப்பை நூல்வழி வெளியிட்டார். 1782ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஹென்றி சிட்ஜியர் என்பார், கைப்பிடியாற் சுழற்றும் உருளைக் கூடொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால், இப்பொறிகள் துவைத்தனவேயன்றிப் பிழியவில்லை.

பிழிதலுக்கெனப் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பரவியது இரட்டை உருளைப் பொறி. ஒன்றையொன்று அழுத்தும் இரண்டு உருளைகளுக்கிடையே துணியைச் செலுத்தினால் நீர் வடிந்துவிடும். மணிக்கட்டுக்கு ஓய்வு கிடைத்தது உண்மையே. எனினும் பொத்தான்கள் நொறுங்கின, தடித்த துணிகளின் தையல் விட்டது. கையாற் சுழற்றியவரை ஆபத்துச் சிறிதாகவே இருந்தது. மின்சாரம் வந்தபோதே அது பெரிதாயிற்று.

மின்சாரச் சலவைப் பொறியைக் கண்டுபிடித்தவர் சிக்காகோ நகரத்து ஆல்வா ஃபிஷர் என்று பல நூல்கள் கூறும். அவருக்குக் காப்புரிமை கிடைத்தது 1910ஆம் ஆண்டில். ஆயின் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே அத்தகைய பொறிகள் விளம்பரஞ் செய்யப்பட்டுவிட்டன. ஆதலால் அப்பெருமையை ஒருவருக்கே உரிமையாக்குதல் பொருந்தாது. மோட்டர் உருளைகளைச் சுழற்றத் தொடங்கிய பின்னர், துணியோடு சேர்ந்து விரல்களும் கூந்தலும் சிறுவர் கைகளும் உள்ளிழுக்கப்பட்டன. உருளையில் அகப்பட்ட கைக்காயத்துக்கு மருத்துவ ஏடுகள் தனிப்பெயரே சூட்டின. அழுத்தத்தை நொடியில் விடுவிக்கும் நெம்புகோல்கள் பின்னர் பொருத்தப்பட்டன.

இந்நிலையில் மாற்று வழியைக் காட்டியது சுழற்சி. துளைகள் நிறைந்த உருளையொன்றைக் கடுகிச் சுழற்றினால், துணி அதன் சுவரோடு ஒட்டிக்கொள்ள, நீர் துளைவழியே வெளியேறும். சர்க்கரை ஆலைகளிலும் பெருஞ் சலவைச் சாலைகளிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கையாளப்பட்ட இம்முறை, 1920களில் அமெரிக்க இல்லங்களை எட்டியது. துவைத்தல், அலசல், நீர் நீக்கல் அனைத்தையுந் தானே செய்யும் வீட்டுப் பொறியை பெண்டிக்ஸ் நிறுவனம் 1937ஆம் ஆண்டிற் காட்சிக்கு வைத்தது. அதனை நிலத்தோடு திருகாணியிட்டுப் பிணிக்கவேண்டியிருந்தது. பிணிக்காவிடில் அதிர்ச்சியால் இடம்விட்டு நகரும். 1951ஆம் ஆண்டில் ஜேர்மனியில் வெளிவந்த கொன்ஸ்ட்ரக்டா என்ற பொறிக்கும் அதுவே நியதியாயிற்று.

காரணம் யாதெனில், சுழற்சியின் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்வதாகும். வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும். 24 சென்ரிமீற்றர் ஆரையுள்ள உருளை நிமிடத்துக்கு 1000 முறை சுழலும்போது, அதன் சுவரிலுள்ள துணி தன் எடையைப்போல் ஏறக்குறைய 270 மடங்கு விசைக்கு உள்ளாகிறது. 1400 முறை சுழலும்போது 525 மடங்கு. அவ்வேகத்தில் அரைக் கிலோகிராம் துணி ஒருபுறம் ஒதுங்கிவிடின், அச்சுத்தண்டும் அதனைத் தாங்கும் பெயரிங்குகளும் 260 கிலோகிராம் எடைக்கு நிகரான இழுப்பை ஒவ்வொரு சுற்றிலும் ஏற்கவேண்டும். சுருள்வில்லும் அதிர்வு தணிக்கும் தண்டும் கனத்த எதிர்ப்பாரமும் இதற்காகவே பொறியினுள் இடம்பெற்றன.

ஆகவே, பொறியின் ஆயுளை அளப்போர் அதன் பளபளப்பை நோக்காது, இவ்வுறுப்புகளையே நோக்குதல் வேண்டும். துருவேறா உருக்கினாலான உருளை, தடித்த அச்சுத்தண்டு, நீர் புகாது காக்கும் முத்திரை, கழற்றிப் புதுப்பிக்கத்தக்க பெயரிங் ஆகியன நீடித்த உழைப்பின் அடையாளங்கள். வெளித்தொட்டியை ஒட்டி மூடிவிட்ட பொறிகளிற் சிறிய பெயரிங் ஒன்று தேய்ந்தாலும் தொட்டி முழுவதையும் மாற்ற நேரிடும். அளவுக்கு மிஞ்சித் துணி திணிப்பதும், ஒரு பெரிய கம்பளத்தைத் தனியே இட்டு உச்ச வேகத்திற் சுழற்றுவதும் நல்ல பொறியையும் கெடுக்கும்.

இவ்விடத்தில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து நியூட்டன் நகரின் கதை நினைவுகூரத்தக்கது. அங்கு நிலைபெற்ற மேற்றாக் நிறுவனம் 1922ஆம் ஆண்டில் வார்ப்பு அலுமினியத் தொட்டியுடைய பொறியால் பெயர்பெற்றது. அதன் உருளைப் பிழிபொறிகள் 1983ஆம் ஆண்டுவரை உற்பத்தியாயின. எளிய அமைப்பும் எளிதிற் செப்பனிடும் வாய்ப்புமே அவற்றின் வலிமை. பழுதுபார்க்க எவரும் அழையாமையால் தனிமையில் வாடும் தொழிலாளி ஒருவரை 1967ஆம் ஆண்டு முதல் அந்நிறுவனம் விளம்பரத்திற் காட்டியது. ஆயினும், நீடித்துழைத்தலின் சின்னமாக விளங்கிய அந்நிறுவனமே நீடிக்கவில்லை. 2006ஆம் ஆண்டில் அது வேள்பூல் நிறுவனத்தின் வசமாயிற்று. மறு ஆண்டில் நியூட்டன் தொழிற்சாலை மூடப்பட்டது.

இனி, துணிகளின் இயல்பைக் காண்போம். பருத்தியும் சணல் நாரும் நனைந்தபோது வலிமை கூடுவன. நீரையும் மிகுதியாகப் பற்றுவன. ஆதலின் துவாலைக்கும் விரிப்புக்கும் 1200 முதல் 1400 வரையான வேகம் தகும். 800இல் பருத்தித்துணி தன் உலர்ந்த எடையில் ஏறக்குறைய முக்காற் பங்கு நீரை வைத்திருக்கும். 1400இல் அது பாதியளவாகக் குறையும். வெப்பத்தால் உலர்த்தும் இல்லங்களில் இவ்வேறுபாடு மின்செலவைப் பெரிதும் குறைக்கும். வெயிலில் உலர்த்துவோர் அத்துணை வேகத்தை நாடவேண்டியதில்லை.

1935இல் உருவான நைலோனும் 1941இல் உருவான பொலியெஸ்டரும் நீரைச் சிறிதே ஏற்பவை. மிகு வேகத்தால் அவற்றுக்குப் பயனில்லை. சூடாக இருக்கையில் அழுத்தினால் மடிப்பு நிலைத்துவிடும். 800 அளவே போதும். றேயோன் நனைந்ததும் வலிமை குன்றும். 600ஐக் கடவாமை நன்று. பட்டுக்கும் அதுவே எல்லை. கம்பளி நாரிற் செதில்கள் உண்டு. அவற்றைப் பின்னிச் சுருங்கச் செய்வது நீருள் நிகழும் உராய்வும் வெப்பமுமேயாதலால், மென்மையாகத் துவைத்தபின் 400 முதல் 800 வரை குறுகிய நேரம் சுழற்றுதல் கையால் முறுக்குவதினும் தீங்கு குறைந்தது. ஆடையிற் தைத்த பராமரிப்புக் குறிப்பு வேறு கூறுமாயின் அதனையே பின்பற்றல் வேண்டும்.

பொறி வந்தமையால் உழைப்பு ஒழிந்ததா? 1983ஆம் ஆண்டில் வெளியான நூலொன்றில் அமெரிக்க வரலாற்றாசிரியர் றூத் ஷ்வார்ட்ஸ் கோவன் இவ்வினாவை ஆராய்ந்தார். பொறிகள் பெருகியபோது தூய்மை பற்றிய எதிர்பார்ப்பும் பெருகியது. வெளியே அனுப்பிய துணி மீண்டும் இல்லத்துக்கே வந்தது. குறைந்த வேலையின் இடத்தை வேறு வேலை நிரப்பிற்று என்று அவர் காட்டினார். முதுகு ஒடியும் பாரம் நீங்கியது பெரும்பேறே. ஆயின் கிடைத்த பொழுதைப் பகிர்ந்தளிக்கும் ஆற்றல் எப்பொறிக்கும் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2021ஆம் ஆண்டு மார்ச் முதல், சலவைப் பொறியின் முக்கிய உதிரிப்பாகங்கள், அவ்வகைப் பொறியின் விற்பனைக்கான இறுதிப் படி சந்தைக்கு வந்தபின்னும் பத்தாண்டுகள் கிடைத்தல் வேண்டுமென விதித்துள்ளது. செப்பனிடக்கூடியதே நீடிக்கும் என்ற பழைய கம்மியரின் அறிவு சட்டமாகியிருக்கிறது. பொறியை வாங்குவோர் எத்தனை சுற்று எனக் கேட்பது இயல்பு. பழுதுபட்டால் எவ்வாறு திறப்பது என்று கேட்பதே அறிவுடைமை. ஆடைக்கேற்ற வேகமும் அளவறிந்த பாரமும் கூடுமிடத்துத் துணியும் வாழும், பொறியும் வாழும், அவற்றை ஆளும் கைகளும் சற்றே இளைப்பாறும்.