காலா, மார்பா, கையா?

எங்கள் திருமழிசையில் பைபாஸ் என்றால் முதலில் பூந்தமல்லி பைபாஸ்தான் நினைவுக்கு வரும். அறுபதைத் தாண்டிவிட்டால் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் வந்துவிடுகிறது. என்னோடு காலையில் நடக்க வருகிறவர்களில் ஒருவருக்குக் காலில் நீளத் தழும்பு, இன்னொருவருக்கு முன்கையில். "நெஞ்சு ஆபரேஷனுக்குக் கையையும் காலையும் ஏன் சார் அறுக்கிறாங்க?" என்று கேட்டார்கள். அதற்கு ஒரு சரித்திரம் உண்டு.

இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது நம் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில், 1975-ல். செய்தவர் டாக்டர் கே.எம். செரியன். மெட்ராஸில் அப்போலோ திறக்க இன்னும் 8 வருடங்கள் இருந்தன!

அந்தக் காலத்தில் உலகெங்கும் டாக்டர்கள் பெரும்பாலும் கைவைத்தது காலில்தான். அர்ஜென்டினாக்காரர் ரெனே ஃபவலோரோ, 1967-ல் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் அந்த வழியைக் காட்டியிருந்தார். கால் சிரை நீளமானது, எடுக்கச் சுலபம், எடுத்தாலும் கால் சமாளித்துக்கொள்ளும். உள்ளே ஒருவழி வால்வுகள் இருப்பதால் தலைகீழாகத் திருப்பித் தைக்க வேண்டும், அவ்வளவே. ஆனால் சிரை குறைந்த அழுத்தத்துக்குப் பழகியது. தமனியின் வேலையைக் கொடுத்தால் சுவர் தடித்து, நாளடைவில் அடைத்துக்கொள்கிறது. பத்து வருடங்களில் ஏறக்குறைய பாதி அடைபட்டுவிடும் என்பது போகப்போகத்தான் தெரிந்தது.

விடை நெஞ்சுக்குள்ளேயே இருந்தது. மார்பெலும்பை ஒட்டி உட்புறமாக இறங்கும் மார்புத் தமனி. இதன் மேல்முனையை வெட்டவே வேண்டாம். கீழ்முனையை மட்டும் விடுவித்து இதயத்தின் முன்பக்கக் குழாயில் தைத்தால் போதும். கொழுப்பும் இதில் எளிதில் படிவதில்லை. லெனின்கிராடில் கொலெசோவ் 1964-லேயே செய்து காட்டினார். வெளியுலகம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1986-ல்தான், மார்புத் தமனி வைக்கப்பட்டவர்கள் பத்து வருடம் கழித்தும் அதிகம் பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்ற கணக்கு வெளியானது. வெளியிட்டது யார் தெரியுமா? அதே கிளீவ்லேண்ட் கிளினிக். கால் சிரைக்குப் பெயர் வாங்கிய இடமே அதைவிட நல்லது உண்டு என்று சொன்னது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

கை கதை வேறு. பாரிஸில் கார்பென்டியே 1970-களின் தொடக்கத்தில் முன்கைத் தமனியை எடுத்துப் பார்த்தார். சுருங்கி அடைக்கிறது என்று கைவிட்டார்கள். ஏறத்தாழ இருபது வருடம் கழித்துப் பழைய நோயாளிகள் சிலரைப் பரிசோதித்தால், அது திறந்தே இருந்தது! 1990-களில் மறுபடி வழக்கத்துக்கு வந்தது. உள்ளங்கைக்கு மற்றொரு தமனி போதிய ரத்தம் தருகிறதா என்று சோதித்த பிறகே எடுப்பார்கள்.

இரண்டு பக்க மார்புத் தமனிகளையும் எடுத்துவிடலாமே என்றால், சர்க்கரை நோயாளிகளுக்கு மார்பெலும்புப் புண் ஆறுவதில் சிக்கல் வரலாம். நம் பக்கத்தில் சர்க்கரை இல்லாத இதய நோயாளியைத் தேடத்தான் வேண்டும். அதனால் இன்றும் முன்பக்கக் குழாய்க்கு இடது மார்புத் தமனி, மற்றவற்றுக்குப் பெரும்பாலும் அதே கால் சிரைதான்.