உறைந்த ஏரியில் ஒரு விருந்து



மீன்பிடி என்றதும் நமது மனக்கண்ணில் தோன்றுவன கரைவலையும் வள்ளமும், கோடையில் வற்றிவரும் குளத்திலே கரப்புக் குத்தும் சிறுவர்களுந்தான். நீரெல்லாம் கல்லாக இறுகிப்போன ஏரியொன்றின் நடுவில், பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகை, சில நாட்களில் முப்பது பாகைக் குளிரில் நின்று, டன் கணக்கில் கெண்டை மீன் பிடிக்கிறார்கள் என்றால் நம்மில் பலர் அதனைக் கதை என்றே எண்ணுவர். நானும் முதலில் அவ்வாறுதான் எண்ணினேன். வாசித்துப் பார்த்தபோது, மீனைத் தேடிப்போன எனக்கு ஒரு பேரரசின் வீழ்ச்சியும், செத்துப் பிழைத்த ஓர் ஏரியின் வரலாறும் சேர்ந்தே கிடைத்தன. அவற்றையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

வடகிழக்குச் சீனாவிலே ஜிலின் மாகாணத்தில் உள்ளது சாகன் ஏரி. சாகன் என்பது மங்கோலியச் சொல்; வெள்ளை என்பது அதன் பொருள். மாரி நடுவில் இந்த ஏரியின் பனிக்கட்டி அரை மீற்றருக்கும் அதிகமான தடிப்புக் கொள்ளும். குதிரை வண்டிகள் மட்டுமன்றி லொறிகளும் அதன்மேல் ஓடும்.

உறைந்த ஏரியில் மீன் எவ்வாறு உயிர் வாழ்கிறது? நீர் நான்கு பாகை செல்சியசில்தான் மிகுந்த அடர்த்தியுடையது. ஆகவே அந்த நீர் அடியில் தங்க, அதனினும் குளிர்ந்த நீர் மேலே நின்று உறைகிறது. பனிக்கட்டியே ஒரு கூரையாகிக் கீழுள்ள நீரைக் காக்கிறது. குளிர் ஏற ஏறக் கெண்டைகள் சோர்ந்து, ஆழமான இடங்களில் கூட்டமாக ஒதுங்குகின்றன. மீனவர் தேடுவது அந்தக் கூட்டத்தைத்தான். அவர்களுக்குப் பெரிதும் அகப்படுவது பெருந்தலைக் கெண்டை. நமது நாட்டுக் குளங்களில் நன்னீர் மீன் வளர்ப்புக்காக விடப்படும் சீனக் கெண்டை இனங்களுள் இதுவும் ஒன்றாகையால், இந்த மீன் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

மீன் எங்கே கிடக்கிறது என்பதைச் சொல்பவர் மீனவர்களின் தலைவர். பனிக்கட்டியின் நிறத்தையும், அதற்குள் அகப்பட்டுக் கிடக்கும் குமிழிகளையும் பார்த்து அவர் இடங் குறிப்பார். வலையை இறக்க ஒரு பெரிய துளை. அங்கிருந்து இரு பக்கமும் வளைந்து செல்லும் சிறு துளைகள். எல்லாம் போய்ச் சேரும் மறுமுனையில் வலையை எடுக்க இன்னொரு பெரிய துளை. நீண்ட கம்பொன்றைப் பனிக்கட்டியின் கீழே துளைக்குத் துளை தள்ளிச் செல்வார்கள். கம்பின் பின்னே கயிறு போகும். கயிற்றின் பின்னே வலை போகும். அந்த வலையின் நீளம் ஏறக்குறைய இரண்டு கிலோமீற்றர். இறுதியில் குதிரைகள் ஒரு சுழல்மரத்தைச் சுற்றிச் சுற்றி வர, கயிறு அதில் சுருள, வலை மெல்ல மேலேறும். இயந்திரங்கள் பெருகிவிட்ட பின்னரும் குதிரைகளைக் கொண்டே இத்தொழில் நடைபெறுகிறது.

இந்த வட்டாரத்தின் பனிக்கட்டி மீன்பிடி ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டது. அக்காலத்தில் இப்பகுதியை ஆண்டவர்கள் கித்தான் மக்கள். அவர்களது லியாவோ பேரரசு, தலைநகர்களைக் கட்டிய பின்னரும் நாடோடி வாழ்வை விட்டுவிடவில்லை. பேரரசர் பருவத்துக்கொரு பாளையம் என இடம் மாறிக்கொண்டே இருப்பார்; அரசவையும் அவருடன் நகரும். 1344 இல் தொகுத்து முடிக்கப்பட்ட லியாவோ வரலாறு, இளவேனிற் பாளையத்தைப் பற்றிக் கூறுகிறது. அன்னங்கள் வந்து சேருமுன்னர் பனிக்கட்டியின்மேல் கூடாரமடித்து, துளையிட்டு மீன் பிடிப்பார்கள். பனிக்கட்டி உருகிய பின்னர் வல்லூறுகளை ஏவி அன்னங்களையும் வாத்துக்களையும் வேட்டையாடுவார்கள். சாகன் ஏரிக்கு அண்மையிலுள்ள சியான்ஆன் மாவட்டத்தில் அப்பாளையங்களின் மண்மேடுகள் ஏராளமாகக் கண்டறியப்பட்டுள்ளன.

பேரரசர் மீன் பிடித்த விதத்தைச் சொங் காலத்து எழுத்தாளர் ஒருவர் விவரித்திருக்கிறார். கூடாரத்தினுள் நான்கு துளைகள் இடப்படும். மூன்றை முற்றாகத் துளைக்காமல் மெல்லிய படலமாக விட்டு, அதனூடே மீனின் வரவைப் பார்ப்பார்கள். மூச்சுக்காக மீன் நான்காவது துளைக்கு வரும்போது, கயிறு கட்டிய கொளுக்கியைப் பேரரசர் தம் கையால் எறிவார். அந்த மீன் கெண்டையன்று, ஸ்டேர்ஜன் என்னும் பெருமீன் என ஆய்வாளர் கருதுவர். முதல் மீன் அகப்பட்டதும் விருந்து தொடங்கும். அதற்கு ‘முதல் மீன் விருந்து’ என்றே பெயர்.

1112 ஆம் ஆண்டின் விருந்துதான் வரலாற்றில் இடம்பெற்றது. பேரரசர் தியான்சுவோ, இன்று சொங்ஹுவா என அழைக்கப்படும் ஆற்றங்கரையில் மீன் பிடிக்க வந்திருந்தார். சுற்றுப்புறத்து யுர்ச்சென் குலத் தலைவர்கள் அனைவரும் வழமைப்படி வந்து பணிந்தனர். மது ஏறியதும், தலைவர்கள் ஒவ்வொருவராக எழுந்து தம் முன்னே ஆடவேண்டுமென்று பேரரசர் கட்டளையிட்டார். எல்லோரும் ஆடினார்கள். ஒருவர் மட்டும் ஆடவில்லை. தனக்கு ஆடத் தெரியாதென்று சொல்லி, நிமிர்ந்து நேரே பார்த்தபடி இருந்துவிட்டார். மீண்டும் மீண்டும் வற்புறுத்தியும் பயனில்லை. அவர் பெயர் அகுடா.

இவனை ஏதாவதொரு சாட்டில் கொன்றுவிடவேண்டுமென்று பேரரசர் பின்னர் தனியே கூறினார். ஆனால் அமைச்சர் சியாவோ ஃபெங்சியான் தடுத்துவிட்டார். நாட்டுப்புறத்தான், பழக்கவழக்கம் அறியான். அப்படியே உள்ளத்தில் ஏதும் வைத்திருந்தாலும் அந்தச் சின்னஞ்சிறு நாட்டால் என்ன செய்துவிட முடியும் என்பதே அவரது வாதம். பேரரசரும் விட்டுவிட்டார்.

ஒரு நடனத்துக்காகவா பேரரசு வீழ்ந்தது என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. நடனம் வெறும் அடையாளம். அன்ன வேட்டைக்கு வேண்டிய வல்லூறுகளைத் திறையாகக் கேட்டுக் கித்தான் தூதுவர்கள் யுர்ச்சென் ஊர்களுக்குள் நுழைந்து செய்த கொடுமைகள் ஒருபுறம். சந்தையிலே யுர்ச்சென் மக்களின் பொருட்களை அடிமாட்டு விலைக்குப் பறித்து, அவர்களை அடித்து அவமதித்தது மறுபுறம். அந்த மனக்கசப்பெல்லாம் ஒருவரின் அசையாத உடம்பில் வந்து நின்றது. விருந்து நடத்தியவர்களுக்கு அது தெரியவில்லை.

1114 இல் அகுடா 2,500 பேருடன் புறப்பட்டார். அவர் முதலில் தாக்கியது, யுர்ச்சென் மக்கள் அவமதிக்கப்பட்ட சந்தை இருந்த நிங்சியாங் நகரை. 1115 இல் சின் என்ற அரசை நிறுவினார். 1123 இல் அவர் இறந்தாலும் போர் ஓயவில்லை. 1125 இல் பேரரசர் தியான்சுவோ சிறைப்பிடிக்கப்பட, லியாவோ பேரரசு முடிவுற்றது. அந்த விருந்துக்கும் இந்த முடிவுக்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகள். அகுடா படை திரட்டிய இடத்தில் 1185 இல் நாட்டப்பட்ட கல்வெட்டு அதே ஜிலின் மாகாணத்தில் இன்றும் இருக்கிறது.

பேரரசுகள் போயின, ஏரி நிலைத்தது என்று முடித்தால் அழகாக இருக்கும். ஆனால் அது உண்மையாகாது. ஏரியும் ஒருமுறை செத்தது. சாகன் ஏரிக்கு நீர் தந்தது ஹுவோலின் ஆறு. 1960களிலும் 70களிலும் அந்த ஆற்றின் வரத்துக் குன்றியது. ஏரி சுருங்கியது, எஞ்சிய நீரில் உவர் ஏறியது, மீன் அழிந்தது. காய்ந்த ஏரிப்படுகையிலிருந்து காற்று உவர்த்தூளை அள்ளி ஊர்களின்மேல் வீசியது. ஆயிரம் ஆண்டுப் பழமை பேசிய மீனவர்களுக்கு வலை போட இடமில்லை.

1976 இல் அப்பகுதி மக்கள் கால்வாயொன்று வெட்டத் தொடங்கினார்கள். சொங்ஹுவா ஆற்று நீரை ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் கொண்டுவரும் வேலை அது. மண்வெட்டியும் காவுதடியுமாக ஆயிரக்கணக்கானோர் உழைத்தனர். 1984 இல் நீர் வந்து சேர்ந்தது. மீன்குஞ்சுகள் விடப்பட்டன. ஏரி மீண்டும் ஏறக்குறைய நானூறு சதுர கிலோமீற்றர் பரப்புக்கு விரிந்தது. 2008 இல் இங்குள்ள மாரிகால மீன்பிடி சீனாவின் தேசிய மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இன்று ஆண்டுதோறும் ஏரிக்கு வழிபாடு நடத்தி, வலையை ‘எழுப்பி’, மதுவருந்தி, மீனவர் பனிக்கட்டியில் இறங்குகின்றனர். முதல் மீன் ஏலத்தில் பல இலட்சம் யுவானுக்குப் போகிறது. ஒரே வலையில் ஓர் இலட்சம் கிலோகிராமுக்கு மேல் பிடித்த நாட்களும் உண்டு. உல்லாசப் பயணிகள் திரண்டு வந்து பார்ப்பதும் இவற்றைத்தான்.

எனக்கோ வேறொன்றுதான் பெரிதாகப் படுகிறது. அந்த இரண்டு கிலோமீற்றர் வலையின் கண் மிகப் பெரியது. ஏறக்குறைய இருபது சென்ரிமீற்றர். இளமீன்கள் எல்லாம் தப்பிப் போவதற்காகவே அப்படிப் பின்னுகிறார்கள். எதிரே நிமிர்ந்திருந்தவரைச் சின்னஞ்சிறு நாட்டுக்காரன் என்று அலட்சியம் செய்தது ஒரு பேரரசு. அதே மண்ணின் மீனவரோ, சின்னஞ்சிறு மீனைக் கணக்கில் எடுத்தே வலை பின்னுகிறார்கள். ஒருமுறை ஏரியை இழந்து பார்த்தவர்கள் அவர்கள். நாளைக்கு வலை நிறைவது இன்று தப்பிய மீனால்தான் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.