சங்கம் வளர்த்த அஞ்சல்தலை: தோட்டப்புறத்திற்கு ஒரு பாடம்



பொழுதுபோக்குச் சங்கங்களால் சமுதாயத்திற்கு என்ன பயன் என்பது இன்றைய அரங்கத்தின் கேள்வி. எனக்குத் தரப்பட்டது அஞ்சல்தலைச் சேகரிப்பு. "சின்னப் பிள்ளைகள் ஆல்பத்தில் ஒட்டி விளையாடுவது; இதில் பேச என்ன இருக்கிறது?" என்று சிலர் நினைக்கலாம். நான் சொல்ல வருவது ஒன்றுதான். தனியாகச் சேர்த்தால் அது பொழுதுபோக்கு. சங்கமாகக் கூடி, சேர்த்ததைப் பற்றி ஓர் இதழில் எழுதி வைத்தால் அது வரலாறு. கிள்ளானில் தொடங்கி காப்பார், ஜெராம், கோல சிலாங்கூர், தஞ்சோங் காராங், செகிஞ்சான், சபாக் பெர்ணம் வரை நீளும் கடலோரச் சாலையின் தோட்டங்களில் வாழ்ந்த நம் மக்களுக்கு இந்த வேறுபாடு மிகவும் முக்கியம். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் பழைய கதையைப் பார்ப்போம். உலகின் முதல் அஞ்சல்தலையான 'பென்னி பிளாக்' இங்கிலாந்தில் 1840ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் பல நாடுகள் அஞ்சல்தலை வெளியிட்டன. சேகரிப்பவர்களும் பெருகினார்கள். ஆனால் ஒருவர் கையில் இருப்பது உண்மையானதா போலியானதா, எந்த ஆண்டுக்குரியது என்று சொல்ல ஆளில்லை. இந்தக் குறையை முதலில் தீர்க்க வந்தவை இதழ்கள்தாம். 1862இல் லிவர்பூல் நகரில் முதல் இதழ் தொடங்கியது. 1864இல் பாரிஸில் ஜார்ஜ் எர்ப்பின் என்பவர் ஓர் இதழில் எழுதிய கட்டுரையில், இந்தக் கலைக்கு 'ஃபிலாட்டலி' என்று பெயர் சூட்டினார். இன்று உலகம் முழுவதும் வழங்கும் அந்தச் சொல்லே ஓர் இதழின் பக்கத்தில் பிறந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

1869இல் லண்டனில் அஞ்சல்தலைச் சங்கம் உருவானது. பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரான இளவரசரே 1896 முதல் 1910 வரை அதற்குத் தலைவராக இருந்தார். 1906இல் அச்சங்கத்திற்கு 'ராயல்' என்ற அடைமொழி கிடைத்தது. ஆனால் சங்கத்தை நிலைநிறுத்தியது அரச குடும்பத்தின் பெயர் மட்டுமா? 1892இல் தொடங்கிய 'தி லண்டன் ஃபிலாட்டலிஸ்ட்' என்ற அதன் இதழை எம்.பி. காசில் என்பவர் 1917 வரை, கால் நூற்றாண்டு, ஆசிரியராக இருந்து நடத்தினார். மன்னர்கள் வந்தார்கள், போனார்கள். இதழ் இன்றும் வந்து கொண்டிருக்கிறது.

நமக்கு நெருக்கமான கதை கல்கத்தாவில் நடந்தது. 1897இல் அங்கே இந்திய அஞ்சல்தலைச் சங்கம் தொடங்கியது. அதே ஆண்டிலேயே அதன் இதழும் தொடங்கியது. உறுப்பினர்களில் பலர் ஆங்கிலேய அதிகாரிகள். முதல் தலைவர் ஸ்டூவர்ட் வில்சன், பின்னாளில் இந்திய அஞ்சல் துறைக்கே தலைமை இயக்குநரானவர். இதழில் பத்தாண்டு காலம் துண்டு துண்டாக எழுதிச் சேர்த்த அறிவுதான், 1907இல் பிரிட்டிஷ் இந்தியாவின் அஞ்சல்தலைகள் பற்றி அச்சங்கத்திற்காக வெளிவந்த பெரிய நூலுக்கு அடிப்படை. பிற்காலத்தில் சென்னையிலும் 1956இல் தென்னிந்திய அஞ்சல்தலைச் சேகரிப்போர் சங்கம் தோன்றி, தனக்கென ஓர் இதழையும் நடத்தியது.

கல்கத்தாவுக்கும் மலாயாவுக்கும் என்ன தொடர்பு? நிறைய இருக்கிறது. 1867ஆம் ஆண்டு வரை பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் பிரிட்டிஷ் இந்தியாவின் கீழ் இருந்தன. 1854 முதல் இங்கே கடிதங்களில் ஒட்டப்பட்டவை இந்திய அஞ்சல்தலைகளே. அவற்றின் மேல் குத்தப்பட்ட முத்திரையில் ஊர்ப் பெயர் இருக்காது, எண் மட்டுமே இருக்கும். பி 109 என்றால் மலாக்கா, பி 147 என்றால் பினாங்கு, பி 172 என்றால் சிங்கப்பூர். ஓர் அஞ்சல்தலையைத் தனியே வைத்துப் பார்த்தால் அது இந்தியாவில் பயன்பட்டது என்றே தோன்றும். முத்திரையைப் படிக்கத் தெரிந்தவருக்குத்தான் அது கடல் கடந்து வந்து பயன்பட்டது என்று புரியும். இப்படிப்பட்ட விவரங்களைத் தனி ஒருவர் கண்டுபிடிக்க முடியாது. பலர் தங்கள் உறைகளை ஒப்பிட்டு, எழுதி, தவறு இருந்தால் அடுத்த இதழில் திருத்தி, படிப்படியாகச் சேர்த்த அறிவு அது.

நம் சிலாங்கூர் மாநிலத்திற்கு வருவோம். 1881இல் நீரிணைக் குடியேற்றங்களின் அஞ்சல்தலை மேல் 'சிலாங்கூர்' என்று அச்சிட்டு வெளியிட்டார்கள். 1891இல் பாயும் புலி படத்துடன் தனி அஞ்சல்தலை வந்தது. 1900இல் கூட்டு மலாய் மாநிலங்களின் பொது அஞ்சல்தலை வந்ததும் சிலாங்கூரின் பெயர் மறைந்தது. 1935இல் கிள்ளான் பள்ளிவாசல் படத்துடனும் சுல்தான் சுலைமான் படத்துடனும் மீண்டும் வந்தது.

பிறகு ஜப்பான்காரன் காலம். பழைய அஞ்சல்தலைகளின் மேலேயே ஜப்பானிய முத்திரையைக் குத்தினார்கள். '2602' என்ற ஆண்டை அச்சிட்டார்கள். அது ஜப்பானியக் கணக்கில் 1942. அந்த ஆண்டு நவம்பரில் சிலாங்கூர் கண்காட்சிக்கென்றே மேலச்சிட்ட அஞ்சல்தலைகளும் வந்தன. 1943இல் அவர்கள் புதிதாக அச்சிட்டவற்றில் ஒன்றில் ரப்பர் மரம் சீவும் படம் இருந்தது. நேயர்களே, சற்று யோசித்துப் பாருங்கள். அஞ்சல்தலையில் பால்மரம் வெட்டும் காட்சி. அதே ஆண்டில் பால்மரம் வெட்டிய நம் தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு போகப்பட்டு மடிந்து கொண்டிருந்தார்கள். அந்த அஞ்சல்தலை இன்றும் ஆல்பங்களில் பத்திரமாக இருக்கிறது. போனவர்கள் பலரின் பெயர்கூட எந்த ஏட்டிலும் இல்லை.

1957இல் சுதந்திரம் கிடைத்த ஆண்டில் வந்த சிலாங்கூர் அஞ்சல்தலைகளில் கொப்பரையும் நெல்வயலும் இடம் பெற்றன. 1960இல் கோலாலம்பூரில் நடந்த ரப்பர் ஆராய்ச்சி மாநாட்டிற்காக ரப்பர் கன்று படத்துடன் மலாயா அஞ்சல்தலை வெளியிட்டது. அப்போது பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்தவர் நம் துன் வீ.தி. சம்பந்தன். அதே 1960இல்தான், பெரிய தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் மக்கள் வெளியேற்றப்படுவதைக் கண்டு, தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அவர் தொடங்கினார். 1986இல் வந்த மாநில அஞ்சல்தலைகளில் தேங்காய், ரப்பர், செம்பனை, நெல் எல்லாம் வரிசையாக இருந்தன. செகிஞ்சான் வயலும் அதைச் சுற்றிய தோட்டங்களும் ஒரே வரிசையில் வந்தது போல!

இத்தனை அஞ்சல்தலைகளையும் முறையாக ஆராய்வதற்கென்றே ஓர் அமைப்பு 1959இல் உருவானது. அதன் பெயர் மலாயா ஆய்வுக் குழு. 'தி மலாயன் ஃபிலாட்டலிஸ்ட்' என்பது அதன் இதழ். ஆனால் அது தோன்றியது இங்கிலாந்தில். நம் மண்ணின் அஞ்சல் வரலாற்றைக் கடல் தாண்டி இருந்தவர்கள் அக்கறையோடு எழுதினார்கள். அதற்காக அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். அதே நேரத்தில் நாம் என்ன எழுதினோம் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சரி, இத்தகைய சங்கம் எப்படி நடக்கிறது? ஆண்டுச் சந்தா, மாதக் கூட்டம், ஏலம், சிறு நூலகம் இவை எல்லாச் சங்கங்களிலும் உண்டு. இவர்களுக்கே உரியது சுற்றுப் பெட்டி. உறுப்பினர்கள் தங்களிடம் உபரியாக உள்ளவற்றைச் சிறு புத்தகங்களில் ஒட்டி, விலை எழுதிச் செயலாளரிடம் கொடுப்பார்கள். அவர் அவற்றை ஒரு பெட்டியில் சேர்த்து, பட்டியல் வரிசைப்படி ஒருவரிடமிருந்து ஒருவருக்கு அனுப்புவார். வேண்டியதை எடுத்தவர் காலியான இடத்தில் கையெழுத்திட்டு, பணத்தைக் கட்டிவிட்டு, பெட்டியை அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். நல்லதை எடுத்துக்கொண்டு மட்டமானதை வைத்துவிட்டால்? ஒருமுறை அப்படி நடந்தால் சங்கம் கலைந்துவிடும். கையெழுத்து இருக்கிறதா, கணக்கு சரியா என்று ஒவ்வோர் ஏட்டையும் புரட்டிப் பார்க்கும் செயலாளரின் பொறுமையில்தான் சங்கம் நிற்கிறது.

அடுத்தது இதழ். தொலைவில் இருக்கும் உறுப்பினர் மாதக் கூட்டத்திற்கு வர முடியாது. கட்டிய சந்தாவுக்கு அவர் கையில் கிடைப்பது இதழ் ஒன்றுதான். அது நின்றால் அவர் சந்தா நிற்கும். சந்தா நின்றால் அச்சுக்கூலி கொடுக்க முடியாது. புதிய வெளியீடுகள், போலிகள் பற்றிய எச்சரிக்கை, 'எனக்கு இது வேண்டும்' என்ற பட்டியல், கூட்ட அறிக்கை, இவற்றோடு ஒவ்வோர் இதழிலும் ஒரு புதிய செய்தியாவது வேண்டும். எழுதித் தருகிறேன் என்பவர் பத்துப் பேர். தருபவர் இருவர். ஆசிரியர் அந்த இருவரை வைத்துக்கொண்டே காலம் தவறாமல் இதழைக் கொண்டுவர வேண்டும். நம் சமுதாயத்தில் இயக்கம் நடத்தியவர்களுக்கு இது புதிதல்ல. முதல் இதழ் வண்ணத்தில் வரும். மூன்றாவது தாமதமாக வரும். ஐந்தாவது வரவே வராது. சிறிதாக இருந்தாலும் தவறாமல் வரும் நான்கு பக்கமே மேல்.

இப்போது தொடக்கத்தில் சொன்னதற்கு வருகிறேன். நம் தோட்டப்புற வீடுகளில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். பிறப்புப் பத்திரம், பழைய புகைப்படம், அவற்றோடு ஊரிலிருந்து வந்த கடிதங்கள், நீல நிற ஆகாயத் தபால் தாள்கள். கடிதம் முதலில் தோட்ட ஆபீசுக்கு வரும். கிராணி பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார். படிக்கத் தெரியாதவர்களுக்கு மற்றொருவர் படித்துச் சொல்வார். அந்த உறையில் என்ன இருக்கிறது? அனுப்பியவரின் கிராமம், பெறுபவரின் பெயர், தோட்டத்தின் பெயர், முத்திரையில் தேதி. கம்பெனிக் கணக்கில் நம் பாட்டன் ஓர் எண்ணாகவும் ஒரு சம்பளத் தொகையாகவும் இருந்திருப்பார். உறையிலோ அவர் பெயரும் ஊரும் உள்ள மனிதர். தோட்டம் கைமாறி, செம்பனையாகி, வீடமைப்புப் பகுதியாகி, லயங்கள் இடிக்கப்பட்ட பிறகு, இன்ன தோட்டத்தில் இன்ன ஆண்டில் இவர் இருந்தார் என்பதற்கு அந்த ஒரு காகிதமே சாட்சியாகவும் இருக்கலாம். பத்தாங் பெர்ஜுந்தை என்ற பெயரே 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று மாறிவிட்டது. பழைய பெயரைப் பழைய முத்திரை சொல்லும்.

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? வீடு மாறும்போது பெட்டியோடு குப்பையில் போடுகிறோம். அல்லது பிள்ளைகள் ஆல்பத்திற்காக அஞ்சல்தலையை மட்டும் வெட்டித் தண்ணீரில் ஊறவைத்து எடுத்துக்கொண்டு, உறையை எறிந்து விடுகிறோம். கடையில் சில காசுக்குக் கிடைக்கும் அஞ்சல்தலையைக் காப்பாற்றி, எங்கும் கிடைக்காத உறையை இழக்கிறோம்.

ஆகவே என் வேண்டுகோள் எளியது. கோல சிலாங்கூர், சபாக் பெர்ணம் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளிலும் ஆலய மண்டபங்களிலும் சிறிய அஞ்சல்தலைக் கழகங்கள் தொடங்கட்டும். பள்ளிக்கு வெளியே என்றால் 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்படி பதிவு செய்து, கணக்கை ஒழுங்காக வைத்துக்கொள்ள வேண்டும். உறையிலிருந்து அஞ்சல்தலையை வெட்டக்கூடாது. பசை நாடா ஒட்டக்கூடாது. கறையானும் ஈரமும் அண்டாத இடத்தில் வைக்க வேண்டும். யாருடைய வீட்டில் கிடைத்தது என்பதைத் தனித் தாளில் எழுதி உடன் வைக்க வேண்டும். கடிதத்தின் உள்ளே இருப்பது அந்தக் குடும்பத்தின் சொந்த விஷயம். அவர்கள் சம்மதித்தால் தவிர அதை வெளியிடக் கூடாது. உறை ஒன்றே போதும். மூன்று மாதத்திற்கு ஒருமுறை நான்கு பக்கத்தில் ஓர் இதழ். ஒவ்வொன்றிலும் ஒரு தோட்டம், ஓர் உறை, அதைப் பற்றித் தெரிந்த பெரியவர் ஒருவரின் விளக்கம்.

அந்தப் பெரியவர்கள் இன்னும் பல ஆண்டுகள் நம்மோடு இருப்பார்கள் என்று எண்ணித் தள்ளிப்போட வேண்டாம். ரஜூலா கப்பலில் வந்திறங்கியவர்களின் குரலை நேரில் கேட்கும் வாய்ப்பு ஏறக்குறைய முடிந்துவிட்டது. அவர்கள் கையில் கடிதம் வாங்கியதைப் பார்த்த பிள்ளைகளுக்கே இப்போது எழுபது, எண்பது வயது. இன்று இரவு வீட்டில் அந்தப் பெட்டியைத் திறந்து, ஓர் உறையை எடுத்து, "இது யார் எழுதியது?" என்று அவர்களிடம் கேளுங்கள். கிடைக்கும் பதிலை எழுதி வையுங்கள். சங்கத்தின் முதல் இதழுக்கான கட்டுரை அதுவாகவே இருக்கட்டும்.