பனியை நம்பிய புஞ்சை

கோவில்பட்டிக்கும் விளாத்திகுளத்துக்கும் நடுவில் கிடக்கும் கரிசக்காட்டில் சம்சாரி இரண்டு ஈரத்தை நம்பித்தான் காலங்காலமாக விதைத்து வந்திருக்கிறான். ஒன்று, ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்து வைத்துக்கொள்ளும் மண்ணின் ஈரம். மற்றது, மழை ஓய்ந்தபின் மார்கழியிலும் தையிலும் இறங்கும் பனி. ஆண்டு மழையே ஏறத்தாழ 700 மில்லிமீட்டர்தான். அதிலும் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். அதற்கப்புறம் ஒரு சொட்டு விழாத வருஷங்களிலும் மல்லி காய்த்திருக்கிறது, கொண்டைக்கடலை முற்றியிருக்கிறது. ராத்திரிக் கூதல் செடியின் தாகத்தைக் குறைத்தது. விடியற்காலைப் பனி இலையை நனைத்தது. இறவைக் கிணறு இல்லாத மானாவாரிக்கு இது பெரிய துணை.

என் தாத்தா எட்டயபுரம் பக்கத்தில் மல்லி விதைத்தவர். விடியலில் காட்டுக்குள் நடந்தால் வேட்டி முழங்கால்வரை நனைந்துவிடும். ராத்திரி மானம் வெறிச்சென்று நட்சத்திரமாகக் கிடந்தால், "நாளைக்கு நல்ல பனி இருக்கும்" என்பார். மேகம் மூடிவிட்டால் கூதல் குறையும், பனி இறங்காது, அசுவினி ஏறும் என்று கவலைப்படுவார். இந்தக் கணிப்பு கரிசலில் எல்லாச் சம்சாரிக்கும் தெரிந்ததுதான். இதற்குள்தான் இன்று உலகம் பேசும் பசுங்குடில் விளைவு முழுதாக இருக்கிறது என்பதைப் படித்தறிந்தபோது எனக்கு அவர்மேல் மதிப்பு இன்னும் கூடிற்று.

லண்டனில் மருத்துவராக இருந்த வில்லியம் சார்லஸ் வெல்ஸ் 1814-இல் பனியைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். எடை பார்த்த கம்பளித் துணுக்குகளை இரவில் தோட்டத்தில் வைத்து, காலையில் திரும்ப எடை போட்டார். திறந்த வானத்தைப் பார்த்துக் கிடந்த கம்பளி கனத்திருந்தது. பலகைக்கு அடியில் இருந்ததில் ஈரம் குறைவு. புல்லும் மண்ணும் தம் சூட்டை வானத்துக்கு விட்டுக் குளிர்கின்றன, அந்தக் குளிர்ச்சியில் காற்றின் ஈரம் அவற்றின்மேல் படிகிறது என்று அவர் நிறுவினார். நம் நாட்டிலேயே இதற்குச் சாட்சி இருந்தது. அலகாபாத் பக்கம் காய்ந்த தட்டை பரப்பிய குழிகளில் ஆழமில்லாத மண்சட்டிகளை வைத்து, தெளிந்த குளிர்கால இரவுகளில் பனிக்கட்டி எடுத்ததை ராபர்ட் பார்க்கர் 1775-இல் எழுதியிருந்தார்.

அப்படியானால் வானத்துக்குப் போகும் சூடு முழுதும் போய்விடுகிறதா? இந்தக் கேள்வியை 1824-இல் பிரான்சின் ஃபூரியே கையில் எடுத்தார். 1856-இல் அமெரிக்காவின் யூனிஸ் ஃபுட், கரியமில வாயு நிரப்பிய கண்ணாடிக் குழாய் வெயிலில் மற்றவற்றைவிட அதிகம் சூடேறுவதைக் கண்டார். 1859-இல் ஜான் டிண்டல் அளந்தே காட்டினார்: காற்றில் 99 விழுக்காடாக உள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் வெப்பக்கதிரைத் தடுப்பதில்லை, மிகச் சிறு அளவில் உள்ள நீராவியும் கரியமில வாயுவும் உறிஞ்சிக்கொள்கின்றன. வெயில் இவற்றைத் தாண்டி மண்ணுக்கு வருகிறது. மண் திருப்பி அனுப்பும் வெப்பக்கதிரை இவை பிடித்து நாலா பக்கமும் விடுகின்றன. ஒரு பங்கு மறுபடி மண்ணுக்கே வருகிறது. மேகம் மூடிய இரவில் தாத்தா உணர்ந்த புழுக்கமும் இப்படித் திரும்பி வந்த சூடுதான். இந்த விளைவு அறவே இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பம் சுழியத்துக்குக் கீழே 18 டிகிரி செல்சியஸாக இருந்திருக்கும். இப்போது இருப்பது 15 டிகிரி அளவில். ஆகவே அதைப் பழிக்க வேண்டியதில்லை. அளவு மிஞ்சியதுதான் கேடு.

இந்த வரலாற்றில் நான் திரும்பத் திரும்ப நினைப்பது ஸ்வீடனின் அர்ரேனியஸை. காற்றில் கரியமில வாயு கூடினால் பூமி எவ்வளவு சூடேறும் என்று 1896-இல் கையாலேயே கணக்குப் போட்டார். பகலுக்கும் இரவுக்கும் உள்ள வெப்ப வேறுபாடு குறையும், கோடையைவிடக் குளிர்காலம் அதிகம் சூடேறும் என்பதும் அந்தக் கணக்கில் வந்தது. பனிக்காலத்தை நம்பிய கரிசலுக்கு அது நேரான எச்சரிக்கை. அடுத்த சில ஆண்டுகளில், 20-ஆம் நூற்றாண்டு பிறந்த கையோடு, கோவில்பட்டியில் அரசு வேளாண் பண்ணை தொடங்கியது. கருங்கண்ணிப் பருத்தியைத் தேர்ந்தெடுத்து மேம்படுத்தினார்கள். மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைக்கும் முறையைப் பரப்பினார்கள். மழையையும் மண்ணையும் அங்கே நன்றாகவே படித்தார்கள். அதே கவனம் இனி ராத்திரிக் கூதலுக்கும் வேண்டும்.

தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு, ஹவாயில் விஞ்ஞானி கீலிங் அளக்கத் தொடங்கிய 1958-இல் 315 ஆகியிருந்தது. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. 1979-இல் முதல் அலகு ஓடத் தொடங்கிய தூத்துக்குடி அனல் மின் நிலையம், கப்பலில் வரும் நிலக்கரியை எரித்து இந்தக் கணக்கில் தன் பங்கைச் சேர்த்திருக்கிறது. கயத்தாற்றுக் காற்றாலைகள் ஒரு யூனிட் கொடுக்கும்போது அந்த அளவுக்கு நிலக்கரி எரியாமல் மிஞ்சுகிறது. நம் வட்டாரத்தில் எனக்குப் பிடித்த காட்சி அது. 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பம் ஏறத்தாழ 0.7 டிகிரி கூடியிருக்கிறது. உலக அளவில் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பகலைவிட இரவுகளே வேகமாகச் சூடேறியிருக்கின்றன. அர்ரேனியஸ் சொன்னது பலித்துவிட்டது.

சூடான இரவில் செடி பகலில் சேர்த்ததைச் சுவாசித்தே செலவழிக்கிறது. பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், இரவு வெப்பம் 1 டிகிரி கூடியபோது நெல் விளைச்சல் ஏறத்தாழ 10 விழுக்காடு சரிந்ததைக் காட்டினார்கள். குளிர்ச்சி வேண்டிப் பூக்கும் மல்லியும் கொண்டைக்கடலையும் எந்தப் பக்கம் போகும் என்று சம்சாரிக்கு விளக்க வேண்டியதில்லை.

சித்திரை வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் நாளிதழ்கள் பெரிய எழுத்தில் போடுகின்றன. மார்கழி, தை இரவுகளின் குறைந்தபட்ச வெப்பநிலையையும் அதே கவனத்தோடு தினமும் போடுங்கள். ஊராட்சிதோறும் ஒரு வெப்பமானி வைத்து விடியற்கால அளவைப் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு எழுதி வையுங்கள். மானாவாரிக்காரனுக்கு மழைக்கணக்கு எவ்வளவு தேவையோ, ராத்திரிக் கணக்கும் இனி அவ்வளவு தேவை.