சப்வூஃபர் வாங்கியும் 'டம் டம்'னு தனியா கேட்குதா? ஸ்பீக்கரோடு சேர்ந்து ஒலிக்க வைப்பது எப்படி?

வீட்டு ஸ்டீரியோவுக்கு புதிதாக சப்வூஃபர் வாங்கினால் முதல் வாரம் முழுக்க கொண்டாட்டம்தான். இரண்டாவது வாரத்தில் புகார்கள் தொடங்கும். 'பாட்டு ஒரு பக்கம் ஓடுது, டம் டம் சத்தம் இன்னொரு பக்கம் ஓடுது', 'படத்துல வசனமே புரியல', 'மாடி வீட்டுக்காரர் வந்து சத்தம் போட்டுட்டுப் போறார்'. இப்படிப் பல வீடுகளில் நடக்கிறது.

பெட்டி சரியில்லை என்று நினைத்து, இன்னும் பெரிய பெட்டியை வாங்கிவிடுபவர்களும் உண்டு. ஆனால் பெரும்பாலும் கோளாறு இருப்பது பெட்டியை வைத்த இடத்திலும், அதன் பின்பக்கம் இருக்கும் மூன்று திருகிகளிலும்தான். காசு செலவில்லாமல் ஒரு மணி நேரத்தில் இதைச் சரிசெய்யலாம். எப்படி என்று பார்க்கலாம்.

சப்வூஃபரின் வேலை என்ன?

மனிதக் காது சுமார் 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைக் கேட்கும். அலமாரியில் வைக்கும் சின்ன ஸ்பீக்கர்கள் பலவும் 50 அல்லது 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகும்போது திணற ஆரம்பித்துவிடும். ஆனால் பேஸ் கிட்டாரின் மிகக் கனமான தந்தி எழுப்பும் ஒலி 41 ஹெர்ட்ஸ். பியானோவின் கடைசி இடதுபக்கக் கட்டை 27.5 ஹெர்ட்ஸ். இந்த அடிமட்ட ஒலியை எடுத்துக் கொடுப்பது மட்டும்தான் சப்வூஃபரின் வேலை.

அதாவது, ஸ்பீக்கர் எங்கே கையை விடுகிறதோ, அங்கே சப்வூஃபர் கையைப் பிடிக்க வேண்டும். இந்த இடத்துக்குப் பெயர்தான் 'கிராஸ்ஓவர்'. இரண்டும் ஒரே ஒலியை மாறி மாறிக் கொடுத்தால் சத்தம் இரைச்சலாகும். நடுவில் இடைவெளி விழுந்தால் பாட்டு உள்ளீடற்றுப் போகும்.

முதல் வேலை: இடத்தை மாற்றுங்கள்

நிறைய பேர் சப்வூஃபரை டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்து மூலையில் தள்ளி வைத்துவிடுகிறார்கள். மூலையில் வைத்தால் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து சத்தத்தைக் கூட்டிக் காட்டும். அதிரும், ஆனால் தெளிவு இருக்காது.

இதற்குக் காரணம் அறையின் அளவு. ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 345 மீட்டர் போகிறது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலையின் நீளம் மட்டும் சுமார் 28 அடி. நம்ம ஹாலை விட அலை பெரியது! அது சுவரில் மோதித் திரும்பும்போது, அறையின் சில இடங்களில் சத்தம் குவியும், சில இடங்களில் காணாமல் போகும்.

12 அடிக்கு 10 அடி ஹாலை எடுத்துக்கொள்வோம். 12 அடி நீளத்துக்கு 47 ஹெர்ட்ஸ் அருகிலும், 10 அடி அகலத்துக்கு 57 ஹெர்ட்ஸ் அருகிலும் இந்தக் குவியல் ஏற்படும். சுவரை ஒட்டி சோபா போட்டால் அந்த ஒலி 'கும்' என்று அடைக்கும். அதே ஒலி ஹாலின் நட்டநடுவில் உட்கார்ந்தால் கேட்கவே கேட்காது. ஒரே பாட்டு, ஒரே பெட்டி. சோபாவை ரெண்டடி நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும்.

சரியான இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது:

* சப்வூஃபரை நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் வையுங்கள். சோபா மேலேயே வைக்க முடிந்தால் இன்னும் நல்லது.
* பேஸ் ஏறி இறங்கி வரும் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓட விடுங்கள்.
* சப்வூஃபர் வைக்க வாய்ப்புள்ள இடங்களில் எல்லாம் போய், தரைக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேளுங்கள்.
* எந்த இடத்தில் ஒவ்வொரு பேஸ் ஸ்வரமும் ஒரே அளவில், தெளிவாகக் கேட்கிறதோ அதுதான் பெட்டிக்கான இடம்.

வீட்டில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். பரவாயில்லை. பெட்டியும் காதும் இடம் மாறினாலும் அறைக்குள் ஒலியின் கணக்கு மாறாது என்பதால் இந்த முறை வேலை செய்கிறது. சத்தம் அதிகமாக இருக்கும் இடத்தைத் தேடாதீர்கள், சீராக இருக்கும் இடத்தைத் தேடுங்கள்.

வயரை எங்கே சொருகுவது?

ஆம்ப்ளிஃபயரின் பின்புறம் 'சப் அவுட்' அல்லது 'ப்ரீ அவுட்' இருந்தால், அதிலிருந்து ஒரு ஆர்.சி.ஏ. கேபிள் போதும். இரண்டுமே இல்லாத பழைய ஆம்ப்ளிஃபயர் என்றால், ஸ்பீக்கர் வயரையே ஏற்கும் 'ஹை லெவல்' இணைப்பு சப்வூஃபரில் இருக்கிறதா என்று பாருங்கள். சில டிஜிட்டல் ஆம்ப்ளிஃபயர்களில் இந்த இணைப்பை எல்லா முறையிலும் கொடுக்கக் கூடாது. கையேட்டைப் படித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

எதைச் செய்தாலும் முதலில் ஸ்விட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

இணைத்த பிறகு 'உம்ம்ம்' என்று ஒரு முனகல் கேட்டால், ஆம்ப்ளிஃபயரையும் சப்வூஃபரையும் ஒரே பிளக் பாயின்டில் இருந்து எடுத்துப் பாருங்கள். பல நேரங்களில் அதிலேயே சரியாகிவிடும். முனகல் போக வேண்டும் என்பதற்காக எர்த் பின்னை உடைப்பது உயிருக்கே ஆபத்து. அதை மட்டும் செய்யாதீர்கள்.

கிராஸ்ஓவர் எவ்வளவு வைக்கலாம்?

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். இரண்டு வகை இருக்கிறது.

ஏ.வி. ரிசீவர் வைத்திருப்பவர்கள்: ரிசீவர் மெனுவில் ஸ்பீக்கர் அளவை 'ஸ்மால்' என்று வைத்து, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள். திரையரங்க ஒலித்தரத்துக்குப் பெயர் பெற்ற டி.எச்.எக்ஸ். அமைப்பும் இதே 80 ஹெர்ட்ஸைத்தான் பின்பற்றுகிறது. ஒலியைப் பிரிக்கும் வேலையை ரிசீவரே பார்ப்பதால், சப்வூஃபரின் திருகியை அதிகபட்சத்துக்குத் திருப்பிவிடுங்கள், அல்லது 'எல்.எஃப்.இ.' இணைப்பில் கொடுங்கள். இரண்டு இடத்திலும் வடிகட்டினால் நடுவில் ஓட்டை விழும்.

சாதாரண ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்கள்: இதில் ஸ்பீக்கருக்கு முழு ஒலியும் போய்க்கொண்டே இருக்கும். அதனால் ஸ்பீக்கர் எங்கே நிற்கிறதோ, அங்கிருந்து சப்வூஃபர் தொடங்க வேண்டும். கையேட்டில் '60 ஹெர்ட்ஸ் முதல்' என்று போட்டிருந்தால் சப்வூஃபர் திருகியை 60-க்குப் பக்கத்தில் வைத்துத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே கீழே நகர்த்திக் கேளுங்கள்.

120, 150 என்று ஏற்றி வைத்தால் என்ன ஆகும்? பேசும் ஆண் குரலின் அடிப்படை ஒலியே சுமார் 85 முதல் 180 ஹெர்ட்ஸ் வரைதான். குரலின் கனம் சப்வூஃபருக்குள் போய்விடும். ஹீரோ திரையில் பேச, குரலின் பாதி சோபாவுக்குப் பக்கத்தில் இருந்து வரும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே போனால், ஒலி எந்தத் திசையில் இருந்து வருகிறது என்று காதால் எளிதில் சொல்ல முடியாது. சப்வூஃபர் இருப்பதே தெரியாமல் இருக்க இதுதான் காரணம்.

ஃபேஸ் ஸ்விட்ச் எதுக்கு?

சப்வூஃபருக்குப் பின்னால் '0' மற்றும் '180' என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். பலர் அதைத் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள். ஸ்பீக்கரின் கோன் முன்னால் தள்ளும் நேரத்தில் சப்வூஃபரின் கோன் பின்னால் இழுத்தால், இரண்டு ஒலியும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். எவ்வளவு சத்தம் ஏற்றினாலும் பாட்டில் உயிர் இருக்காது.

சோதிப்பது சுலபம். டோன் ஜெனரேட்டர் செயலி ஒன்றில் கிராஸ்ஓவர் அளவில், உதாரணத்துக்கு 80 ஹெர்ட்ஸில், ஒரு ஒலியைக் குறைந்த சத்தத்தில் ஸ்பீக்கர்கள் வழியாக ஓட விடுங்கள். நீங்கள் சோபாவில் உட்காருங்கள், இன்னொருவர் ஸ்விட்சை மாற்றட்டும். எந்தப் பக்கத்தில் சத்தம் கூடுகிறதோ அதுவே சரி. ஸ்விட்சுக்குப் பதில் திருகி இருந்தால், சத்தம் அதிகமாகும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். கிராஸ்ஓவரையோ இடத்தையோ மாற்றினால் இதை மறுபடியும் செய்ய வேண்டும்.

சத்தம் எவ்வளவு?

சத்தத்தைக் கடைசியில்தான் தொட வேண்டும். ஆம்ப்ளிஃபயரில் இருக்கும் 'லவுட்னஸ்', 'பேஸ் பூஸ்ட்' எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். நன்றாகப் பழக்கமான ஒரு பாட்டை, நீங்கள் தினமும் கேட்கும் சத்தத்தில் போடுங்கள். சப்வூஃபரின் வால்யூமைப் பூஜ்ஜியத்தில் இருந்து மெதுவாக ஏற்றுங்கள். 'இதோ பேஸ் வருது' என்று தனியாகத் தெரியும் இடம் வந்ததும், அங்கிருந்து கொஞ்சம் குறைத்துவிடுங்கள். அவ்ளோதான்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, பாட்டு ஓடும்போதே சப்வூஃபரை அணையுங்கள். பாட்டு சட்டென்று ஒல்லியாகிப் போக வேண்டும். மறுபடி போட்டால் ஸ்பீக்கர்களே பெரிதானது போல இருக்க வேண்டும்.

இரவில் சத்தம் குறைத்துக் கேட்டால் பேஸ் குறைவது போல இருக்கும். அது பெட்டியின் குறை இல்லை. சத்தம் குறையும்போது நம் காது அடிமட்ட ஒலியை இன்னும் குறைவாகவே உணரும் என்பதை பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சர், மன்சன் ஆகிய இருவரும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். 'ஆட்டோ' முறையில் இருக்கும் சில சப்வூஃபர்கள் குறைந்த சத்தத்தில் தானாகத் தூங்கிவிடுவதும் உண்டு. அப்படியானால் 'ஆன்' நிலைக்கு மாற்றுங்கள்.

முட்டை அட்டை ஒட்டினால் சரியாகுமா?

ஆகாது. முட்டை அட்டை, மெல்லிய ஃபோம், திரைச்சீலை எதுவும் 40, 50 ஹெர்ட்ஸ் ஒலியைத் தடுக்காது. அத்தனை நீளமான அலைக்கு அந்தத் தடிமன் ஒரு பொருட்டே இல்லை. ஈக்வலைசரில் குவியலைக் குறைக்கலாம். ஆனால் ஒலி காணாமல் போகும் இடத்தில் எவ்வளவு ஏற்றினாலும் பலன் இல்லை, ஆம்ப்ளிஃபயர்தான் சூடாகும். இடத்தை மாற்றுவதே மருந்து.

பக்கத்து வீட்டுக்காரர் புகார் சொன்னால்?

அவர் சொல்வதில் நியாயம் இருக்க வாய்ப்பு அதிகம். குரலைத் தடுக்கும் சுவர், பேஸைத் தடுக்காது. இந்தியாவின் ஒலி மாசு விதிகள் 2000-ன்படி, குடியிருப்புப் பகுதிகளில் வரம்பு பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்.

'செயலியில் பார்த்தேன், கம்மியாத்தான் காட்டுது' என்று சொல்ல முடியாது. இந்த அளவுகள் 'ஏ' முறையில் எடுக்கப்படுபவை. அந்த முறையில் 50 ஹெர்ட்ஸ் ஒலி சுமார் 30 டெசிபல் குறைத்தே கணக்கிடப்படும். எண் சின்னதாக இருக்கும், பக்கத்து வீட்டு ஜன்னல் அதிர்ந்துகொண்டிருக்கும்.

பெட்டிக்கு அடியில் தடிமனான ரப்பர் அல்லது ஃபோம் மெத்தை வைத்தால் தரை வழியாகப் போகும் அதிர்வு குறையும். காற்று வழியாகப் போவதை வால்யூம் திருகிதான் குறைக்கும். பொதுச் சுவரை விட்டுப் பெட்டியைத் தள்ளி வைப்பதும், இரவு 10 மணிக்கு மேல் சப்வூஃபரை அணைத்துவிடுவதும் நல்லது.

ரெடிமேட் 2.1 செட் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

கடையில் 'ஹோம் தியேட்டர்' என்று மொத்தமாக விற்கும் செட்களில் பலவற்றில் கிராஸ்ஓவர், ஃபேஸ் திருகிகள் இருக்காது. அவர்கள் கையில் இருப்பது இடமும் பேஸ் வால்யூமும் மட்டும்தான். மூலையில் இருந்து ஒன்றிரண்டு அடி வெளியே இழுத்து, முன் ஸ்பீக்கர்களுக்கு நடுவே கொண்டுவந்து, பேஸைப் பாதிக்குக் கீழே வைத்துப் பாருங்கள். புது செட்டுக்கு எடுத்து வைத்த பணம் மிச்சமாகலாம்.