பச்சையப்பர் அறமும் கல்விக் கொடையும்

திருக்கோயில்களுக்கு நிவந்தம் அளித்த நம் முன்னோர், திருவிளக்குக்கும் திருவமுதுக்கும் மட்டுமே பொருள் வைத்துச் சென்றாரல்லர். விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரம் என்னும் ஊரில், முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உளது. அவ்வூர்த் திருக்கோயிலைச் சார்ந்த கல்விச்சாலையில் இளைய மாணவர் 270 பேரும் மூத்த மாணவர் 70 பேரும் பயின்றனர் என்றும், ஆசிரியர் 14 பேர் கற்பித்தனர் என்றும், அதற்காக 45 வேலி நிலம் விடப்பட்டது என்றும் அது கூறுகின்றது. வேதங்களும் இலக்கணமும் மீமாம்சையும் வேதாந்தமும் அங்கே பாடங்களாயின. மாணவர்க்கு நாள்தோறும் நெல் அளக்கப்பட்டது. தெய்வப் பணியும் கல்விப் பணியும் ஒரே அறத்தின் இரு கிளைகள் என்று அக்காலத்தார் கருதினர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

அந்த மரபு பிற்காலத்தில் புது வடிவம் கொண்ட வரலாறே பச்சையப்ப முதலியாரின் வரலாறு. அவர் 1754-ஆம் ஆண்டு பெரியபாளையத்தில் பிறந்தார். அவர் பிறப்பதற்கு முன்னரே தந்தையார் காலமாகிவிட்டார். வறுமையில் வளர்ந்த அப்பிள்ளை, இளமையிலேயே ஆங்கில வணிகரிடம் துபாஷியாக அமர்ந்து, தம் அறிவாலும் முயற்சியாலும் பெரும் செல்வம் ஈட்டினார். ஈட்டிய பொருளைத் தமக்கென்றே வைத்துக்கொள்ளும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை. சிதம்பரம், காஞ்சி முதலிய தலங்களில் அவர் திருப்பணிகளும் அறங்களும் செய்தார். 1794-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நோயுற்றபோது, தம் செல்வத்தைத் தெய்வ காரியங்களுக்கும் தருமங்களுக்கும் உரியதாக்கி உயில் எழுதினார். அந்த மாதத்திலேயே இறைவனடி சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பது.

உயில் எழுதுவது எளிது. அதனை நிறைவேற்றுவது அரிது. பச்சையப்பர் மறைந்தபின் அவருடைய சொத்து வழக்குகளில் சிக்கியது. பொறுப்பேற்றவர்களின் கைகளில் ஆண்டுகள் பல கழிந்தன. எந்தச் சந்நிதிகளில் பூசை நடக்க வேண்டும் என்று அவர் விரும்பினாரோ, அச்சந்நிதிகளுக்குரிய பொருள் ஏட்டளவிலேயே நின்றது. சென்னைச் சுப்ரீம் கோர்ட்டு இவ்வறத்தைக் காக்க 1832-ஆம் ஆண்டு தீர்ப்பு அளிக்கும்வரை, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அவர் எண்ணம் உறங்கிக் கிடந்தது. அறம் செய்தவன் மனம் தூயதாயினும், அதனைக் காப்போர் விழிப்பாயிராவிடில் பயன் விளையாது என்னும் உண்மை இங்கே வெளிப்படுகின்றது.

இடைப்பட்ட ஆண்டுகளில் முதல் வட்டியோடு சேர்ந்து பெருகிவிட்டது. உயிலில் கண்ட ஆலய தருமங்களுக்கு ஒதுக்கியபின்னும் பெருந்தொகை எஞ்சியது. அதனை என் செய்வது என்னும் வினா எழுந்தது. கோயிலுக்கென வைத்த பொருளை வேறு வழியில் செலவிடுதல் கொடையாளியின் விருப்பத்துக்கு மாறாகாதா என்று கேட்பது நியாயமே. அதற்குக் கண்ட வழியும் நியாயமானதே. ஆலயங்களுக்கு உரியதில் ஒரு காசும் குறைக்கப்படலாகாது. மிகுந்ததை மட்டும், தருமம் என்னும் பெயருக்குப் பொருந்துமாறு கல்விக்கு ஆக்கலாம் என்று முடிவாயிற்று. அன்னமிட்டால் ஒருநாள் பசி தீரும். அறிவு கொடுத்தால் ஒருவன் தானும் வாழ்ந்து பிறரையும் வாழ்விப்பான் அன்றோ?

இம்முயற்சியில் முன்னின்றவருள் ஒருவர், அந்நாளில் அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன். இந்நாட்டார் சட்டத்தையும் ஆட்சிமுறையின் அடிப்படைகளையும் அறிந்து, பொதுக் காரியங்களில் பங்குகொள்ளும் தகுதி பெறவேண்டும் என்பது அவர் கருத்து. 1842-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று சென்னைக் கறுப்பர் நகரத்தில் பச்சையப்பர் பள்ளி தொடங்கிற்று. 1846-இல் அடிக்கல் நாட்டப்பெற்ற அதன் மண்டபம், கிரேக்க நாட்டு ஏதென்சு நகரத்துக் கோயில் ஒன்றின் அமைப்பைத் தழுவி எழுந்து, 1850-இல் திறக்கப்பெற்றது. மாணவர் பயில்வதற்கு மட்டுமன்றி, நகரமக்கள் கூடிப் பொதுக் காரியங்களை ஆராய்வதற்கும் அது இடமாயிற்று. சிகாகோ நகரில் விவேகானந்தர் ஆற்றிய தொண்டைப் பாராட்டி 1894-இல் சென்னைமக்கள் கூடியதும் அம்மண்டபத்திலேயே.

பள்ளி வளர்ந்து 1889-இல் முதல்தரக் கல்லூரியாயிற்று. 1940-இல் சேத்துப்பட்டுக்கு இடம் மாறிற்று. கணித மேதை இராமானுசன் அங்கே சிலகாலம் பயின்றார். பிற்காலத்தில் தமிழக முதலமைச்சரான அண்ணாதுரை அக்கல்லூரியின் மாணவரே. டாக்டர் மு. வரதராசனார் அங்கே தமிழ் கற்பித்தார். இலக்கியமும் வரலாறும் தத்துவமும் கற்ற இளைஞர் பலர், மேடையிலும் நீதிமன்றத்திலும் வகுப்பறையிலும் நாட்டுக்கு உழைத்தனர். இந்து மாணவரே சேரலாம் என்றிருந்த விதி 1947-இல் நீங்க, எல்லாச் சமயத்தாருக்கும் அதன் கதவு திறந்தது. எழுத்தில் குறுகியிருந்த வாயில், அறத்தின் உட்பொருளை நோக்க விரிந்தது என்க.

இவ்வரலாறு பொருள் வழங்கும் பெரியோர்க்குக் கூறுவன மூன்று. கொடையின் நோக்கம் ஐயத்துக்கு இடமின்றி எழுதப்பெறுதல் வேண்டும். அதனைக் காப்போர் ஆண்டுதோறும் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவராதல் வேண்டும். சந்நிதிக்கு உரியது சந்நிதிக்குச் சென்றபின் எஞ்சுவது, நல்லொழுக்கமும் பொதுநல உணர்வும் வளர்க்கும் கல்விக்குச் செல்லுமாயின், அதுவும் இறைபணியே. எண்ணாயிரத்தில் நெல்லாக அளக்கப்பட்ட அறம், பச்சையப்பர் பொருளால் கல்லூரியாக எழுந்தது. கோபுரத்தில் ஏற்றிய கலசம் ஊர் முழுவதும் தெரிவதுபோல, கல்வியில் வைத்த கொடையும் தலைமுறை கடந்து விளங்கும்.